தன் பெயரைக் கத்தும் குருவி

எங்கள் குருவிக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். அத்தான் விலையைச் சொல்ல மாட்டார். "முதல்ல அதோட பேரத் தெரிஞ்சுக்குங்க" என்பார். வந்தவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். நான் ஒரு பக்கம் உட்கார்ந்து தினையில் கல் பொறுக்கிக்கொண்டே அத்தானோடு சேர்ந்து வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

"ஃபிஞ்ச்சுன்னா யாரோ பெரிய மனுசன் உக்காந்து யோசிச்சு வச்ச பேருன்னு நெனைக்கிறீங்களா? அதெல்லாம் இல்ல. பனி பெய்யற ஊர்ல இந்தச் சாதிக் குருவி ஒண்ணு மரத்துல உக்காந்து 'ஃபிங்க், ஃபிங்க்'னு கத்தியிருக்கு. கீழ போனவன் கேட்டான். அட, ஃபிங்க் வந்துருச்சுடான்னான். அவ்வளவுதான், பேரு ஒட்டிக்கிச்சு. நம்ம காக்கா இல்லையா, அந்த மாதிரி. ஒருத்தன் கத்தினான், அவன் சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் அதே பட்டப்பேரு. இந்தக் கூண்டுல இருக்கற ஒண்ணுகூட அப்படிக் கத்தாது. ஆனா பேரு அதுதான்."

"நாங்க பிஞ்சுன்னுதாங்க சொல்லுவோம்" என்று யாராவது குறுக்கே விழுந்தால், "பிஞ்சோ காயோ, முழுசாக் கேளுங்க" என்பார். அதற்குள் பாதிப் பேர் எதிர்த்த கடையில் மீன் தொட்டியைப் பார்க்கப் போயிருப்பார்கள். நின்றவர்களுக்கு மீதிப் பாதி கிடைக்கும்.

"ஆனா அதுக்கு அந்த ஒரு சத்தம்தான்னு நெனைச்சுடாதீங்க. மழை வரப்போகுதுன்னா ஒரு சத்தம். பருந்து வந்தா ஒண்ணு. கிளம்பிப் பறக்கும்போது ஒண்ணு. பெட்டையக் கூப்பிட ஒண்ணு. பாட்டு வேற தனி. அது பாவம் அத்தனையும் சொல்லுது. கேட்டவனுக்குத்தான் பொறுமை இல்ல. சுலபமா வாயில வந்ததை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதற்குள் மாடியிலிருந்து அக்காவின் குரல் இறங்கிவிடும். "என்னங்க, விலையச் சொல்லி அனுப்புங்க! ஊர்க்கதை எதுக்கு?" அவள் கதையின் பின்பாதியைக் கேட்டிருப்பாளா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

நான் அக்காவுக்கு இளையவள். என்னைக் கட்டினவன் விட்டுவிட்டுப் போன கதை இங்கே வேண்டாம், அதில் குருவி எதுவும் இல்லை. அக்கா வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டேன். கீழே கடை. மேலே வீடு. வீட்டின் பின்பக்கம் பெரிய அறை முழுக்கக் கூண்டுகள், அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விற்பது அத்தான், கீழே. வளர்ப்பது அக்கா, மேலே. நான் இரண்டுக்கும் நடுவில் படியில் ஏறி இறங்குகிற ஆள்.

அக்காவின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்தச் சின்ன அறையில் இருந்தது. ஃபிஞ்ச் குஞ்சுக்குப் பாட்டு பிறவியிலேயே வராது. சேவல் குஞ்சு, அதாவது ஆண் குஞ்சு, அப்பனைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ளும். அப்பன் நன்றாகப் பாடினால் பிள்ளை நன்றாகப் பாடும். பக்கத்துக் கூண்டில் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கத்துகிறவன் ஒருத்தன் இருந்தால் போச்சு, குஞ்சு அதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அக்கா, குஞ்சுகள் தானாகத் தின்னத் தொடங்கியதும் சேவல்களை மட்டும் பிரித்துச் சின்ன அறைக்குக் கொண்டுபோவாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கூண்டுக்கு மேல் போர்வை. உள்ளே நன்றாகப் பாடும் கிழட்டுச் சேவல் ஒன்று. அதற்கு எங்கள் வீட்டில் வாத்தியார் என்று பேர். வாத்தியார் பாட்டைத் தவிர வேறு சத்தம் அந்த அறைக்குள் போகக் கூடாது. நான் தும்மினால்கூட அக்கா முறைப்பாள்.

"ஈர சிமெண்டுல கால் வச்ச மாதிரிடி. காயறதுக்குள்ள எந்தக் கால் பட்டுதோ அதுதான் கடைசி வரைக்கும்" என்பாள். உண்மைதான். பாட்டு ஒருமுறை இறுகிவிட்டால் அப்புறம் எந்த வாத்தியாரைக் கூட்டிவந்து உட்கார வைத்தாலும் ஒன்றும் நடக்காது. எங்கள் கடைச் சேவலின் பாட்டுக்கு இருந்த பேர் அக்காவின் காதுக்கு இருந்த பேர். குஞ்சு ஒரு சுரம் பிசகினாலும் பிடித்துவிடுகிற காது அது. இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான் அவள் அப்படிச் செய்தாள்.

அத்தான் விழுந்தது ஒரு காலையில், கூண்டுகளில் தண்ணீர்க் கிண்ணம் மாற்றிக்கொண்டிருந்தபோது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் தொங்கியது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. "வாய் மட்டும் இல்லேன்னா உங்கள நாய் தூக்கிட்டுப் போயிரும் அத்தான்" என்று நான் அவரைச் சீண்டாத நாள் கிடையாது. அந்த வாய்தான் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கூண்டு அறையில் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். குருவிகள் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல் ஆரவாரம் செய்தன. அவர் அழுதார். நானும் படியில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வயசு என்னவோ சின்னதுதான், ஆனால் பதறாத குணம். டீச்சர் என்று கூப்பிட்டோம். வாராவாரம் அத்தானைத் தள்ளுநாற்காலியில் கூட்டிப்போவோம். அவள் முதல் நாளே சொன்னாள்: "முதல் சில மாசம்தான் ரொம்ப முக்கியம். மூளை சின்னக் குழந்தை மாதிரி மறுபடி கத்துக்கப் பாக்கும். வீட்ல அவர் என்ன சத்தம் போட்டாலும் சந்தோஷப்படுங்க. அதட்டாதீங்க, கட்டாயப்படுத்தாதீங்க." இதில் அக்கா எதை எடுத்துக்கொண்டாள், எதை விட்டாள் என்பது பின்னால் தெரிந்தது.

அத்தானுக்குச் சொல்தான் போயிற்றே தவிர, சத்தம் போகவில்லை. கூடவே இருந்ததால் எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் "ம்ம்?" என்று கடைசியில் தூக்குவார். போதும் என்றால் அதே "ம்ம்" கீழே விழும். குருவிக்குத் தினை தீர்ந்தால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டொக் டொக்" என்பார், என்னை எழுப்பி விரட்டுகிற மாதிரி. கோணவாயின் ஓரத்தால் காற்றை விட்டு ஒரு மாதிரி சீழ்க்கை அடிப்பார், அது குருவிகளுக்கு. அவையும் பதில் சொல்லும். நான் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்த நாளில் என்னை மேலும் கீழும் பார்த்து இரண்டு தடவை செருமினார். கொழுந்தியாளைக் கேலி செய்ய வார்த்தையே வேண்டாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு சிரித்தேன்!

இவை எல்லாவற்றையும்விட ஒன்று உண்டு. அக்காவின் செருப்பு கீழ்ப்படியில் சரக்கென்று கேட்டதும் அத்தானின் தலை நிமிரும். தொண்டையின் அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். 'ம்' இல்லை, 'ஆ' இல்லை. பால் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பாத்திரம் முனகுமே, அந்த மாதிரி. கடைசியில் துளி ஏறி நிற்கும். அக்கா அறைக்குள் வந்ததும் அது நின்றுவிடும். ஆள்தான் வந்தாயிற்றே, அப்புறம் எதற்குக் கூப்பிட வேண்டும்? வேறு யார் படியேறினாலும் அது வராது. சோதித்துப் பார்த்துவிடுவோமே என்று ஒருநாள் அக்காவின் செருப்பை மாட்டிக்கொண்டு நானே ஏறினேன். ஒரு சத்தமும் இல்லை. மேலே போனால் பாதி வாயால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கள்ளன்.

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அவரு உன்னைக் கூப்பிடறாரு. நீ படியேறும்போது ஒரு சத்தம் போடறாரு. உனக்கு மட்டும்."

"எனக்குக் கேக்கலயே."

"நீ உள்ள வந்ததும் நிறுத்திடறாருல்ல, எப்படிக் கேக்கும்? படியில ஒரு நிமிஷம் நின்னு கேளு."

"அது முனகல்டி. உடம்பு வலிக்கும், முனகுவாரு." அவள் கையில் இருந்த குஞ்சின் காலில் வளையம் மாட்டிக்கொண்டே சொன்னாள். "முனகறது பேச்சு ஆயிருமா? நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வெளியாள்கிட்ட இப்படி முனகுனா யாருக்குப் புரியும்? அவர் பேராவது அவருக்குச் சொல்லத் தெரிய வேண்டாமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயம் ராத்திரி பகல் அவளைத் தின்றது. அப்போதுதான் டீச்சர் ஒரு நாள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். பயிற்சிக்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய. முன்னேற்றம் தெரியாதவர்களை மேலிடம் நிறுத்திவிடும். அதற்கென்று பரிசோதனை ஒன்று வரப்போகிறது. "ஒரு வார்த்தை வந்தாக்கூடப் போதும், நான் வாதாடி நீட்டிச்சுருவேன். அவர் பேரு சொன்னாரு, தண்ணின்னு சொன்னாரு, ஏதோ ஒண்ணு."

தண்ணி, பேர் என்று அவள் இரண்டைச் சொன்னாள். அக்கா பேரைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சின்ன அறையிலிருந்த வாத்தியாரையும் குஞ்சுகளையும் வெளியே எடுத்தாள். தரையைத் துடைத்தாள். அத்தானின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் நடுவில் போட்டாள். ஜன்னலில் கறுப்புத் துணி அப்படியே இருந்தது.

"என்னக்கா பண்ற? அவரு குஞ்சு இல்ல."

"மூளை குழந்தை மாதிரி மறுபடி கத்துக்கும்னு டீச்சரே சொன்னாங்கல்ல? அப்ப குஞ்சுதானே? ஈரம் காயறதுக்குள்ள ஒரு வார்த்தைய உள்ள இறக்கிரணும். கண்ட சத்தமும் காதுல விழுந்தா எதுவும் படியாது."

"கட்டாயப்படுத்தாதீங்கன்னும் அவங்கதானே சொன்னாங்க!"

"அவங்க எத்தனை சேவலைப் பாட வச்சிருக்காங்க?"

அவள் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். மறுநாளிலிருந்து அறைக்குள் போக எனக்குத் தடை. என் பேச்சு அவர் காதில் விழுந்தால் கலந்துவிடுமாம். ரேடியோவை எடுத்துப் பரண்மேல் போட்டாள். டீச்சரிடம் ஏதோ சாக்குச் சொல்லி, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் பரிசோதனை வரைக்கும் நிறுத்தினாள். கூண்டு அறைக்கும் சின்ன அறைக்கும் நடுவில் உள்ள கதவின் இடுக்கில் துணி அடைத்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பேரைச் சொல்லத் தொடங்கினாள்.

அந்தப் பேரை நான் இங்கே எழுத மாட்டேன். வீட்டில் கேட்டதே போதும். வேடிக்கை என்னவென்றால் எங்கள் வீட்டில் யாரும் அவரை அந்தப் பேரால் கூப்பிட்டதே இல்லை. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க". எனக்கு "அத்தான்". தெருவுக்கு "குருவிக்காரர்". மருந்துச் சீட்டிலும் மின்சார பில்லிலும்தான் அந்தப் பேர் இருந்தது. வாழ்நாள் முழுக்க அவளுடைய வாயில் வராத சொல்லை, அக்கா இப்போது மூச்சு விடாமல் சொன்னாள். ஒரே தொனி, ஒரே வேகம், வாத்தியார் சேவல் எப்படிச் சொல்லுமோ அப்படி. காலையில் தொடங்கினால் தினை போட எழுந்திருப்பாள், சமைக்க எழுந்திருப்பாள், மீதி நேரமெல்லாம் அந்தப் பேர்தான். கீழே கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு மேலே சுவருக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி கேட்கும்.

சாப்பாட்டு வேளையில் கரண்டியை வாய்க்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துவாள். பேரைச் சொல்வாள். அவர் உதட்டை அசைத்தால்தான் கரண்டி உள்ளே போகும். "ம்ம்?" என்று அவர் தூக்கினால், அவள் காதில் வாங்காத மாதிரி இருப்பாள். நாக்கைத் தட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தப்பான சுரத்துக்குக் குஞ்சைக் கவனிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு போய்க் கத்தினேன். "தண்ணி கேக்கறாருக்கா! கொடுத்துத் தொலையேன்!"

"எனக்குத் தெரியாதாடி?" என்றாள் அக்கா. அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரல் பாதிதான் வந்தது. கண் சிவந்து வீங்கியிருந்தது. "உனக்கு மட்டும்தான் அவரு மேல பாசமா? அடி மேல அடி வச்சாத்தான் அம்மி நகரும். நீ வெளிய போ."

போனேன். அதுதான் என்னால் முடிந்தது. அது அவள் வீடு, அவள் புருஷன். ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன வாய்?

ஆனாலும் அவள் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் திருட்டுத்தனமாக அறைக்குள் நுழைவேன். கறுப்புத் துணியைக் கொஞ்சம் விலக்குவேன். முதலில் எல்லாம் என்னைப் பார்த்ததும் அத்தானின் முகம் மலரும். செருமுவார், நாக்கைத் தட்டுவார், அடுத்த அறையில் குருவிகள் கத்தினால் தலையைச் சாய்த்துச் சீழ்க்கை அடிக்கப் பார்ப்பார். போகப் போகக் குறைந்தது. ஒரு நாள் நாக்குத் தட்டுவது இல்லை. இன்னொரு நாள், நான் கதவிடுக்கின் துணியை எடுத்துவிட்டும், குருவிகள் கூப்பிடக் கூப்பிட அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எதையாவது நினைத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

அவர் பேரைச் சொன்னது ஒரு மத்தியானம். நான் கீழே ஒருத்தருக்குக் குருவி அலகு தீட்டுகிற கணவாய் ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே அக்கா அலறினாள். விழுந்துவிட்டார் என்று எண்ணி ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, அவளுக்கும் சொல்லுங்க" என்றாள். அத்தான் என்னைப் பார்த்து, தெளிவாக, ஒரு எழுத்துகூடச் சிதையாமல், தன் பேரைச் சொன்னார். அத்தனை மாதம் கழித்து அந்த வாயிலிருந்து ஒரு சொல். நானும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷத்தில்தான் அழுதேன். இவள்தான் சரி, நான்தான் அவசரக்குடுக்கை என்று அந்த நேரத்தில் நம்பினேன்.

அன்று சாயங்காலமே அந்த நம்பிக்கை போய்விட்டது. அத்தானைத் திரும்பக் கூண்டு அறையில் ஜன்னல் ஓரம் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம். அக்கா டீச்சருக்குப் போன் செய்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். நான் தட்டில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீழ்ப்படியில் செருப்பு சரக்கென்றது. அத்தானின் தலை நிமிர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். சரி, இப்போது வரப்போகிறது என்று கத்தியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வாய் திறந்தது. தொண்டை அசைந்தது. அவர் தன் பேரைச் சொன்னார்.

அக்கா மலர்ந்த முகத்தோடு உள்ளே வந்தாள். "பாத்தியா, நான் வர்றது தெரிஞ்சு சொல்றாரு!" நான் பழத்தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

பரிசோதனை நாளில் டீச்சரோடு இன்னொரு டாக்டரும் இருந்தார். அக்கா அத்தானுக்குச் சவரம் செய்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக் கூட்டிவந்திருந்தாள். பரீட்சைக்குப் பிள்ளையை அழைத்து வந்த தாய் மாதிரி அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"உங்க பேரு என்ன?" என்று டீச்சர் கேட்டாள். அத்தான் சொன்னார். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

டீச்சர் ஒரு கோப்பைப் படத்தைக் காட்டினாள். "இது என்ன?" அத்தான் தன் பேரைச் சொன்னார். நாற்காலிப் படத்தைக் காட்டினாள். அவர் பேர். வேண்டுமென்றே ஒரு குருவிப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். அத்தான் அதையே உற்றுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. அவருக்குத் தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது. உதடு நடுங்கிக் கடைசியில் வந்தது அந்தப் பேர்தான். அவருக்கே அது பிடிக்கவில்லை. இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். மறுபடியும் அதே பேர்.

"இவங்க யாரு?" டீச்சர் அக்காவைக் காட்டினாள். அக்கா குனிந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள். அத்தான் அவள் முகத்தைப் பார்த்துத் தன் பேரைச் சொன்னார்.

டீச்சர் படங்களை மெல்ல அடுக்கி மேஜைமேல் வைத்தாள். "முன்னால 'ம்'முன்னு ஏத்தி இறக்கிச் சொல்வாரே, தண்ணிக்கு ஒண்ணு, வேணாம்னா ஒண்ணு? நாக்குல தட்டுவாரே? இப்ப அதெல்லாம் பண்றாரா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அது மேலதான் ஒவ்வொண்ணாக் கட்டலாம்னு இருந்தேன்" என்றாள் டீச்சர்.

"அது பேச்சு இல்லையேம்மா" என்றாள் அக்கா. கெஞ்சுகிற குரல். "வெறும் சத்தம்தானே?"

டீச்சர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சில பேருக்கு இப்படி ஒரே சொல்லுல மாட்டிக்கும். வீட்ல பண்ணதாலதான்னு சொல்ல முடியாது, தானாவும் ஆகும்" என்றாள். அவள் நல்லவள், அதனால் அப்படிச் சொன்னாள். அக்கா எதையும் கேட்கிற நிலையில் இல்லை. டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஒரு சொல் வந்துவிட்டதால் பயிற்சி நீட்டிக்கப்பட்டிருந்தது. அதற்காகத்தானே அத்தனையும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சின்ன அறையின் கறுப்புத் துணியைப் பிய்த்து எறிந்தாள். ரேடியோவை இறக்கினாள். அத்தானைக் குருவிகளுக்கு நடுவில் உட்கார வைத்து அத்தனை கூண்டின் போர்வையையும் எடுத்தாள். "என்னங்க, தண்ணி வேணுமா? வேணாமா? 'ம்'முன்னாவது சொல்லுங்க. திட்டவாவது செய்ங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குருவிகள் காட்டுக்கத்தலாகக் கத்தின. அத்தான் ஒவ்வொன்றுக்கும் தன் பேரைச் சொன்னார். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். காலில் கொதிநீர் பட்டபோதும் அதைத்தான் அலறினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் "பரவாயில்லையே, தெளிவாப் பேசறாரே" என்று சந்தோஷப்பட்டார்கள்.

நானும் அவரைக் கேலி செய்து பார்த்தேன். முடியைக் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றேன். அவர் கண் சிரித்தது. வாய் தன் பேரைச் சொன்னது. உடனே கண்ணில் சிரிப்பு அணைந்துவிட்டது. அப்புறம் நான் அந்த விளையாட்டுக்குப் போகவில்லை. அவர் உள்ளே முழுசாக இருக்கிறார். வெளியே வருவதற்கு இருந்த சந்து பொந்தையெல்லாம் அடைத்துவிட்டு ஒரே ஒரு வாசலை வைத்திருக்கிறோம், அந்த வாசலில் எப்போது பார்த்தாலும் அவர் பேரே நின்றுகொண்டிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. அக்காவை அடிக்க மனசு வரவில்லை.

அக்கா குஞ்சு பழக்குவதை நிறுத்திவிட்டாள். சேவல்கள் கண்டபடி கற்றுக்கொண்டு கண்டபடி பாடுகின்றன. கடையில் யாராவது ஃபிஞ்ச் என்றால் என்ன என்று கேட்டால் நான் விலையை மட்டும் சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தச் சத்தம்… நான் படியேறும்போது போடுவாருன்னு சொன்னியே. எப்படிடி இருக்கும்?"

"எதுக்குக்கா இப்ப?"

"போட்டுக் காட்டேன்."

போட்டேன். அது இல்லை. காதில் அப்படியே இருக்கிறது, தொண்டைக்கு வரவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழருந்து வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குஞ்சு பாடும்போது கேட்பாளே, அந்த மாதிரி.

"கடைசியில ஏறுமா?"

"துளி ஏறும்."

அவளே போட்டுப் பார்த்தாள். இல்லை. எனக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. பிறகு எழுந்தாள். "நீ போயி அவரு பக்கத்துல உக்காந்துக்க. நான் கீழருந்து ஏறி வர்றேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நீ போடு. நான் படியில நின்னு கேக்கறேன்."

"அக்கா…"

"ஒரே ஒரு தடவை. அது எப்படிக் கேட்டிருக்கும்னு தெரிஞ்சுக்கறேன்."

அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே இறங்கிப் போனாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். கீழ்ப்படியில் சரக்கென்றது. அத்தானின் தலை நிமிர்ந்தது. நான் மூச்சை இழுத்து, அடித்தொண்டையிலிருந்து, இத்தனை நேரம் வராதது இப்போதாவது வரட்டும் என்று அந்தச் சத்தத்தைப் போட்டேன். வந்துவிட்டது. அதுவேதான். அத்தான் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் வாய் திறந்தது. என் சத்தம் முடிவதற்குள், அதற்கும் மேலே, முழுக்குரலில், தன் பேரைச் சொன்னார்.

படியில் செருப்பு நின்றது.

"போட்டியா?" என்று அக்கா கீழிருந்து கேட்டாள்.

"போட்டேன்க்கா."

"கேக்கலடி. அவரு பேரு மட்டும்தான் கேட்டுச்சு."